கோழியின் ஈரலும் பூஞ்சணம் பிடித்த தீவனமும்



நம் தோட்டப்புறங்களில் கோழி வளர்க்காத வீடு ஒரு காலத்தில் அரிது. லயத்தின் பின்புறம் பத்துக் கோழியும் நான்கு வாத்தும் இருந்தால் அதுவே அந்த வீட்டின் சேமிப்பு. பிள்ளையின் பள்ளிச் செலவுக்கும், முனியாண்டி கோயில் படையலுக்கும், திடீரென்று வந்துவிட்ட விருந்தாளிக்கும் கைகொடுத்தது அந்தக் கோழிதான். தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கு வந்த பிறகும் நம்மில் பலர் இந்தப் பழக்கத்தை விட்டுவிடவில்லை. அப்படி ஆசையாய் வளர்த்த கோழிகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாகும்போது, "கண் பட்டுவிட்டது" என்று சொல்லி மனத்தைத் தேற்றிக்கொள்கிறோம்.

வட சிலாங்கூரில் அம்பாங் பெச்சா என்னும் ஊரை நாம் அறிவோம். அந்தப் பெயருக்கு மலாய் மொழியில் உடைந்த அணை என்று பொருள். 1883ஆம் ஆண்டில் கோலகுபுவில் இருந்த அணை உடைந்து ஊரை வெள்ளம் கொண்டுபோயிற்று. செசில் ராங்கிங் என்ற ஆங்கிலேய அதிகாரியும் அதில் மாண்டார். அணையைக் காத்துவந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால் வந்த வினை இது என்று மக்கள் கதை சொன்னார்கள். கதை நெஞ்சில் நிற்கும். ஆனால் கதையை வைத்துக்கொண்டு அடுத்த அணையைக் காக்க முடியாது. கோழிச் சாவும் அப்படித்தான். உண்மைக் காரணத்தைக் கண்டுபிடித்தால்தான் அடுத்த கோழியைக் காக்கலாம். அந்தக் காரணங்களுள் முக்கியமான ஒன்றை உலகம் கண்டுபிடித்த வரலாற்றை இன்று பார்ப்போம்.

1960ஆம் ஆண்டு இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் 1,00,000க்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. நன்றாக இருந்த குஞ்சு இரை எடுக்காமல் சோர்ந்து நிற்கும். சில நாட்களில் செத்து விழும். அறுத்துப் பார்த்தால் கல்லீரல் கெட்டுப்போய் இரத்தம் கசிந்திருக்கும். தொற்று நோய் என்று முதலில் ஐயுற்றார்கள். கிருமி எதுவும் அகப்படவில்லை. ஆகவே பெயர் தெரியாத அந்நோய்க்கு "வான்கோழி எக்ஸ் நோய்" என்று பெயரிட்டார்கள்.

பிறகுதான் ஆராய்ச்சியாளர்களின் பார்வை தீவன மூட்டையின் பக்கம் திரும்பியது. நோய் கண்ட பண்ணைகளின் தீவனத்தில் பிரேசில் நாட்டிலிருந்து வந்த நிலக்கடலைப் புண்ணாக்கு கலந்திருந்தது. அதை வாத்துக் குஞ்சுகளுக்குக் கொடுத்தபோது அவற்றின் ஈரலும் கெட்டது. 1961ஆம் ஆண்டில் குற்றவாளி பிடிபட்டது. அஸ்பர்ஜில்லஸ் ஃப்ளேவஸ் என்னும் பூஞ்சணம் உண்டாக்கும் நஞ்சு அது. அந்தப் பூஞ்சணத்தின் பெயரைச் சுருக்கியே நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள்.

இது எங்கோ வெள்ளைக்காரன் நாட்டில் நடந்த சங்கதி என்று நாம் இருந்துவிடலாகாது. அதே 1960ஆம் ஆண்டில் நம் மலாக்காவில் பன்றிப் பண்ணைகளில் கண்ட நோயும் இந்த நஞ்சோடு தொடர்புடையது என்று பின்னர் அறியப்பட்டது. 1974ஆம் ஆண்டில் இந்தியாவின் குஜராத், இராஜஸ்தான் மாநிலங்களின் எல்லையில் 150க்கும் மேற்பட்ட கிராமங்களில் காமாலை பரவியது. அறுவடை நேரத்தில் பெய்த மழையால் சோளம் நனைந்து பூசணம் பிடித்திருந்தது. ஏழைக் குடியானவர்கள் அதை எறிய மனமின்றி உண்டார்கள். 397 பேர் நோயுற்று, 106 பேர் இறந்தார்கள். அந்த வீடுகளில் எச்சில் சோறு தின்ற நாய்களும் செத்தன. 1988ஆம் ஆண்டில் நம் பேராக் மாநிலத்தில் ஒருவகை மீ சாப்பிட்ட 13 குழந்தைகள் ஈரல் செயலிழந்து இறந்தார்கள். அந்தத் துயரத்தை ஆராய்ந்தவர்கள் இந்த நஞ்சைக் கண்டார்கள்.

ஈரலை இந்த நஞ்சு ஏன் அதிகமாகத் தாக்குகிறது? உண்ட இரையிலிருந்து இரத்தத்தில் சேரும் பொருள்களைப் பக்குவப்படுத்துவது ஈரலின் வேலை. நஞ்சு அங்கே போய்ச் சேர்ந்து ஈரலின் உயிரணுக்களைக் கெடுக்கிறது. நல்ல ஈரல் கருஞ்சிவப்பாக இருக்கும். நஞ்சு பட்டது வெளுத்து, மஞ்சள் பாய்ந்து, கொழுப்பேறி வீங்கும். வாத்துக் குஞ்சு இதற்கு மிக எளிதில் பலியாகிறது. அடுத்து வான்கோழிக் குஞ்சு. கோழி சற்றுத் தாக்குப்பிடிக்கும். அதனால்தான் ஏமாந்துவிடுகிறோம். கோழி உடனே சாகாது. மெலியும், முட்டை குறையும், நோயை எதிர்க்கும் சக்தி இழக்கும். தடுப்பூசி போட்ட கோழியும் கழிச்சல் வந்து சாகும். ஊசியைத்தான் நாம் குறை சொல்வோம்.

கழிச்சல், கோழிக் காலரா, டைபாய்டு முதலிய தொற்று நோய்களாலும் ஈரல் கெடலாம். கூண்டிலேயே அடைத்துக் கொழுக்க வைத்த முட்டைக் கோழிக்கு ஈரலில் கொழுப்புக் கட்டுவதும் உண்டு. எது என்று அறிய, இறந்த கோழியைக் கால்நடை இலாகாவினரிடம் காட்டுவதே சரி. ஆனால் பூஞ்சண நஞ்சைத் தடுப்பது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது.

நம் நாட்டில் வெப்பமும் ஈரமும் ஆண்டு முழுதும் குறைவதில்லை. பூஞ்சணத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? தீவனத்தை இரண்டு வாரத்துக்கு வேண்டிய அளவே வாங்குவோம். மூட்டையைச் சிமெண்டுத் தரையில் வைக்காமல் பலகைமேல், சுவரை ஒட்டாமல் வைப்போம். சோளத்தையும் தவிட்டையும் நன்கு உலர்ந்த பிறகே தகரத்தில் அடைப்போம். ஒழுகும் கூரையை முதலில் சரிசெய்வோம். தீவனத் தொட்டியில் நனைந்து கிடக்கும் மிச்சத்தை நாள்தோறும் அள்ளிப் போடுவோம்.

நம்மிடையே ஒரு பழக்கம் உண்டு. அரிசியோ கடலையோ ரொட்டியோ பூசணம் பிடித்தால், "நமக்கு ஆகாது, கோழிக்காவது ஆகட்டும்" என்று வாரிப் போடுகிறோம். வயிற்றைக் கட்டி வாழ்ந்தவர்களுக்கு உணவை எறிவது பாவமாகத் தோன்றும்; அதில் வியப்பில்லை. ஆனால் வேகவைத்தாலும் இந்த நஞ்சு முழுதும் அழியாது. கழுவினாலும் முழுதும் போகாது. பூசணத்தைச் சுரண்டி எடுத்தாலும் நஞ்சு உள்ளேயே தங்கியிருக்கலாம். நஞ்சு தின்ற கோழியின் ஈரலிலும் முட்டையிலும் அது சிறிதளவு வந்து சேரக்கூடும். ஈரல் புற்றுநோயை உண்டாக்கும் பொருள் இது என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வகம் உறுதி செய்திருக்கிறது. பிள்ளைகளுக்குச் சத்து என்று நாம் ஆசையாய்ப் பொரித்துக் கொடுப்பது அந்த ஈரலைத்தானே?

இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. கெட்ட தீவனத்தை உடனே நிறுத்தி நல்ல தீவனம் கொடுத்தால், அதிகம் பாதிக்கப்படாத கோழிகள் தேறும். நிறுத்திய தீவனத்தை வாத்துக்குப் போடாமல் மண்ணில் ஆழப் புதைக்க வேண்டும். நோயால் செத்த கோழியை எக்காரணத்துக்காகவும் சமைக்கலாகாது.

ஒரு படி பூசணச் சோளத்தை எறிந்தால் சில வெள்ளிதான் நட்டம். அதை மிச்சம் பிடிக்கப் போய்க் கோழியையும் இழந்து, நம் பிள்ளைகளின் உடல்நலத்தையும் பணயம் வைக்க வேண்டுமா? நமக்கு ஆகாதது கோழிக்கும் ஆகாது. இதை இன்றே வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவைப்போம்.