கூட்டுத் தொடர்வரிசை

3, 7, 11, 15: ஒவ்வோர் உறுப்போடும் 4 கூட்டினால் அடுத்தது வரும். அதனால்தான் ‘கூட்டு’. அந்த 4, பொது வித்தியாசம். 3, 6, 12, 24 என்று 2ஆல் பெருக்கிக்கொண்டே போனால் பெருக்குத் தொடர்வரிசை. 2, பொது விகிதம். இலங்கையில் இவை கூட்டல் விருத்தி, பெருக்கல் விருத்தி. ‘விருத்தி’ வடசொல், வளர்ச்சி என்று பொருள். ஆனாலும் 20, 15, 10 என்று குறைந்து போவதும் விருத்திதான்.

மாணவர்களைக் குழப்பக்கூடியது ‘கூட்டுவட்டி’. ரூ.1,000க்கு ஆண்டுக்கு 10% தனிவட்டி என்றால் தொகை 1,100, 1,200, 1,300 என்று ஏறும். கூட்டுத் தொடர்வரிசை இதுதான். கூட்டுவட்டியிலோ 1,100, 1,210, 1,331; ஆண்டுதோறும் 1.1 மடங்கு. ஆகவே அது பெருக்குத் தொடர்வரிசை. அங்கே ‘கூட்டு’ என்பது வட்டியை அசலோடு சேர்ப்பதைக் குறிக்கிறது. பெயரை மட்டும் நம்பாதீர்கள். அடுத்தடுத்த உறுப்புகளைக் கழித்தும் வகுத்தும் பாருங்கள்.