துடைத்த கண்ணீர்

நடுவர் அவர்களே! எதிரணி நண்பர் சொன்னார், "செய்தி சொல்றவன் கண் கலங்கக் கூடாது"ன்னு. ஐயா, கண் கலங்கியதும் ஒரு குற்றமாகி, வேலையே போன ஒருத்தர் கதையைக் கேளுங்க.

கனடா நாட்டின் அரசு நிறுவனமான சிபிசி தொலைக்காட்சியில் 1964 அக்டோபரில் 'திஸ் அவர் ஹேஸ் செவன் டேஸ்' ஆரம்பமாச்சு. ஞாயிறு ராத்திரி நிகழ்ச்சி. நையாண்டிப் பாட்டும் உண்டு. அமைச்சர்களைக் குறுக்கு விசாரணை பண்ணுவதும் உண்டு. கு க்ளக்ஸ் க்ளான் ஆட்களை அங்கியோடு உட்காரவைத்துப் பேசும்போதே, ஒரு கறுப்பினத் தலைவரைக் கூட்டிவந்து பக்கத்தில் உட்காரவைத்தார்கள். அது கொஞ்சம் கூத்துதான், ஒத்துக்கிறேன். ஆனா 2 கோடிப் பேர் உள்ள நாட்டில் 30 லட்சம் பேர் பார்த்தாங்களே!

1966ல் ஒரு தாயின் பேட்டி. அவர் மகன் ஸ்டீவன் ட்ரஸ்காட்டுக்கு 1959ல், 14 வயசில், கொலை வழக்கில் தூக்குத் தண்டனை. பிறகு ஆயுளாகக் குறைந்தது. பேட்டி முடிந்ததும் தொகுப்பாளர் லோரியே லாபியர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான்! நிர்வாகத்துக்குப் பொறுக்கலை. அவரையும் கூட்டாளி பாட்ரிக் வாட்சனையும் நீக்கினார்கள். ஊரெல்லாம் கொதித்தது, நாடாளுமன்றக் குழுவே விசாரித்தது. மே மாதம் நிகழ்ச்சி நின்றது.

பாணி நின்றதா? அதே வருஷம் கனடாவில் 'டபிள்யூ5', 1968ல் அமெரிக்காவில் '60 மினிட்ஸ்'!

2007ல் ஒன்டாரியோ மேல்முறையீட்டு நீதிமன்றம் ட்ரஸ்காட்டை விடுவித்தது. அதைக் கேட்க லாபியர் உயிரோடுதான் இருந்தார், நடுவர் அவர்களே!