மருத்துவ அறம்: மெய்ச்சான்றைத் தேடிய வரலாறு

நோய்க்கு மருந்து யாது என்னும் வினாவுக்கு விடை கூறும் நூல்கள் பல உள. ஆனால் அம்மருந்தை எவருடைய இசைவோடு அளிப்பது, நோயாளியிடம் எவ்வளவு சொல்வது, உயிர் ஊசலாடும் வேளையில் கருவிகளை எப்போது நிறுத்துவது என்னும் வினாக்கள் எழும்போது கற்றவரும் திகைத்து நிற்கின்றனர். மருத்துவமனைத் தாழ்வாரத்தில் காத்து நிற்கும் குடும்பத்துக்கு இஃது ஏட்டு ஆராய்ச்சி அன்று. அன்று மாலைக்குள் கையொப்பமிட வேண்டிய காரியம். உறவினர் ஒன்று கூறுவர். அண்டை வீட்டார் வேறொன்று கூறுவர். மருத்துவரோ நேரமின்மையால் தாளை மட்டும் நீட்டுவார். எவர் சொல்லை நம்புவது?

இவ்வினா இன்று நேற்றுப் பிறந்ததன்று. மருத்துவ அறம் பற்றிய நம்பத்தக்க செய்தியைத் தேடியோரின் வரலாறு ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேற்பட்டது. அவ்வரலாற்றில் பக்தாதுக்குத் தனி இடம் உண்டு.

ஹுனைனின் ஏட்டுத் தேடல்

ஹீரா நகரில் 809ஆம் ஆண்டளவில் பிறந்து 873இல் மறைந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக், நெஸ்தோரியக் கிறித்தவர். அப்பாஸியக் கலீஃபாக்களின் காலத்தில் கிரேக்க மருத்துவ நூல்களைச் சிரியாக்கிலும் அரபியிலும் பெயர்த்த பேரறிஞர். ஜாலினூஸ் என்று அரபியர் வழங்கும் கேலனின் நூல்களுள் தாம் அறிந்தவை எவை, அவற்றைப் பெயர்த்தவர் யார் என்பதை விளக்கி அவர் எழுதிய நீண்ட மடல் ஒன்று நமக்குக் கிடைத்துள்ளது. சற்றொப்ப 130 நூல்களைப் பற்றி அதில் பேசுகிறார். எதைக் கண்டேன், எதைக் காணவில்லை, எந்தப் படி சிதைந்திருந்தது என்று ஒளிவு மறைவின்றி எழுதுகிறார்.

மருத்துவப் பிரிவினரைப் பற்றிய கேலனின் நூலை, ஏறத்தாழ இருபது வயதில், மிகவும் பழுதுற்ற ஒரே கிரேக்கப் படியிலிருந்து தாம் பெயர்த்ததாக அவர் கூறுகிறார். நாற்பது வயதை எட்டிய காலத்தில் மாணவர் ஹுபைஷ் அதனைத் திருத்தித் தருமாறு வேண்டினார். அதற்குள் ஹுனைனிடம் பல படிகள் சேர்ந்திருந்தன. அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பிழையற்ற ஒரு கிரேக்கப் படியை அமைத்துக்கொண்டு, அதன்பின்னரே பழைய பெயர்ப்பைத் திருத்தினார். மெய்ப்பித்தல் முறை பற்றிய கேலனின் மற்றொரு நூலைத் தேடி மெசப்பொட்டோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து எங்கும் அலைந்து அலெக்சாந்திரியா வரை சென்றார். டமாஸ்கஸில் அதன் பாதியளவே கிடைத்தது, அதுவும் தொடர்ச்சியற்றது. இதனையும் அவரே எழுதி வைத்துள்ளார்.

ஹிப்பாக்ரட்டீஸின் உறுதிமொழிக்குக் கேலன் வரைந்ததாகக் கருதப்பட்ட உரையையும் ஹுனைன் சிரியாக்கில் பெயர்த்தார். அவ்வுரையின் கிரேக்க மூலம் இன்று இல்லை. அரபியில் எஞ்சிய பகுதிகளே உள்ளன. உயிர்க்கொல்லி மருந்தைத் தாரேன், நோயாளியின் மறைபொருளை வெளியிடேன் என்னும் அந்தப் பழைய உறுதிப்பாடு அரபு மருத்துவருக்கு எட்டியது இத்தகைய உழைப்பினாலேயே.

ஹுனைனைப் பற்றிப் புகழ்பெற்ற கதை ஒன்று உண்டு. பகைவன் ஒருவனைக் கொல்ல நஞ்சு கேட்டாராம் கலீஃபா முதவக்கில். நன்மை தரும் மருந்துகளையே தாம் கற்றதாகக் கூறி ஹுனைன் மறுத்தார்; ஓராண்டு சிறையில் கிடந்தார்; அதன்பின்னும் மறுத்தார். அவரைச் சோதிக்கவே அவ்வாறு செய்ததாகப் பின்னர்க் கலீஃபா தெரிவித்தாராம். இக்கதை 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு அபீ உஸைபிஆவின் மருத்துவர் வரலாற்றில் காணப்படுகிறது. ஹுனைன் மறைந்து ஏறக்குறைய நானூறு ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட நூல் அது. மடலோ அவரே எழுதியது. கதை நெஞ்சைத் தொடுகிறது, மடல் சான்றாகிறது. இரண்டையும் ஒரே தட்டில் நிறுத்தல் கூடாது. ஒரு செய்தியை ஏற்குமுன் ‘சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார்’ என்று அறிவிப்பாளர் வரிசையை ஆராய்ந்த மரபில் வந்தவர்களுக்கு இவ்வேறுபாடு புதிதன்று.

ஸினானின் தேர்வு

ஹிஜ்ரி 319, அதாவது கி.பி. 931. பக்தாதில் மருத்துவர் ஒருவரின் தவற்றால் நோயாளி இறந்தார் என்னும் செய்தி கலீஃபா முக்ததிரின் செவிக்கு எட்டியது. சந்தை ஒழுங்கைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு ஆணை பிறந்தது: தலைமை மருத்துவர் ஸினான் இப்னு தாபித் சோதித்துச் சான்று வழங்கினாலன்றி எவரும் மருத்துவம் செய்தல் கூடாது. புகழ்பெற்றோரும் அரண்மனை மருத்துவரும் நீங்கலாகத் தேர்வுக்கு வந்தோர் 860க்கும் மேற்பட்டோர் என்று மருத்துவர் வரலாற்று நூல்கள் கூறுகின்றன.

அவர்களுள் ஒருவர் நல்லுடை அணிந்த முதியவர். தோற்றத்தைக் கண்ட ஸினான் மரியாதையுடன் அருகில் அமர்த்தி, ஆசிரியர் யார் என வினவினார். முதியவர் பொற்காசுகளை எடுத்து முன்னே வைத்தார். தமக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்றும், குடும்பம் பெரிது என்றும், பிழைப்பில் கை வைக்க வேண்டாம் என்றும் வேண்டினார். ஸினான் நகைத்தார். அறியாத நோயில் தலையிடுவதில்லை, தக்க காரணமின்றிக் குருதி வாங்குவதில்லை, பேதி மருந்து கொடுப்பதில்லை என்னும் நிபந்தனையின்மேல் விட்டுவிட்டார். காடித்தேனும் பன்னீர்ச் சர்பத்தும் தவிர வேறெதுவும் தாம் கொடுத்ததே இல்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் கற்றாய் எனக் கேட்க, தந்தையிடம் என்றான். தந்தை நேற்று வந்த அதே முதியவர்! அவர் முறையிலேயே நடப்பாயா என்று கேட்டு, அதே நிபந்தனையோடு ஸினான் அவனையும் அனுப்பினார்.

சிரிப்பூட்டும் இந்நிகழ்ச்சியில் ஆழ்ந்த பொருள் உண்டு. சட்டம் பிறந்த ஆண்டிலேயே சலுகையும் பிறந்துவிட்டது. முதியவரின் நேர்மை, தாம் அறியாததை அறியேன் என்று சொன்னதில் இருந்தது. ஆயினும் அந்த எல்லையை அறிந்தவர் ஸினான் ஒருவரே. முதியவரிடம் மருந்து வாங்கிய நோயாளிக்கு அது தெரியாது. சான்றிதழ் மட்டும் போதாது, உண்மை நோயாளியையும் சென்றடைய வேண்டும் என்னும் எண்ணம் ஓங்க இன்னும் பல நூற்றாண்டுகள் ஆயின.

இதே மரபில் 9ஆம் நூற்றாண்டில் இஸ்ஹாக் இப்னு அலீ அர்ருஹாவீ எழுதிய ‘அதபுத் தபீப்’, மருத்துவரின் ஒழுக்கத்தையே பொருளாகக் கொண்டு இருபது இயல்களில் அமைந்தது. அதன் கையெழுத்துப் படி துருக்கியின் எடிர்னே நகரில் காக்கப்பட்டு வருகிறது. 1967இல் ஆங்கிலப் பெயர்ப்பு வெளிவந்தது. ஆசிரியரை முஸ்லிம் என்போரும் கிறித்தவர் என்போரும் ஆய்வாளருள் உளர். பெருமிதத்தால் ஒன்றையே உறுதியாக எழுதிச் செல்லும் கட்டுரைகள் பல. கருத்து வேற்றுமையை மறைக்காமல் சொல்வதே ஆய்வுக்கு அழகு.

சட்டம் இருந்தது, அறம் இல்லை

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1930இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் காசநோய்த் தடுப்பு மருந்தில் நோய்க்கிருமி கலந்துவிட, 70க்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகள் மாண்டன. 1931இல் ஜெர்மன் உள்துறை அமைச்சு புதிய சிகிச்சைகளுக்கும் மனிதச் சோதனைகளுக்கும் நெறிமுறைகளை வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கிச் சொல்லி இசைவு பெறவேண்டும், வறுமையைப் பயன்படுத்திக் கொள்ளலாகாது என்றெல்லாம் அதில் தெளிவாக எழுதப்பட்டிருந்தது. ஆனால் அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அதே நாட்டு மருத்துவர் சிலர் சிறைமுகாம்களில் செய்த கொடுமைகளை உலகம் அறியும். நியூரம்பர்க் மருத்துவர் வழக்கில் 23 பேர் நிறுத்தப்பட்டனர். 1947 ஆகஸ்டில் 16 பேர் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டு, அவர்களுள் எழுவர் தூக்கிலிடப்பட்டனர். சோதனைக்கு உட்படுபவரின் தன்னிசைவு இன்றியமையாதது என்னும் பத்து அம்ச நெறி அத்தீர்ப்பில் பிறந்ததே.

அமெரிக்காவில் நடந்ததோ இன்னும் வியப்புக்குரியது. அலபாமா மாநிலத்தின் டஸ்கிகீயில் 1932 முதல் 1972 வரை ஏறத்தாழ 600 கறுப்பின ஏழை ஆடவரை அரசின் பொதுச் சுகாதாரத் துறை ‘ஆய்வு’ செய்தது. அவர்களுள் 399 பேருக்கு மேகப்புண் நோய். ‘கெட்ட இரத்தம்’ என்று மட்டுமே அவர்களுக்குச் சொல்லப்பட்டது. பெனிசிலின் 1940களில் நிலைபெற்ற மருந்தான பின்னரும் அது கொடுக்கப்படவில்லை. நோய் எவ்வாறு முற்றுகிறது என்று பார்த்துக் கொண்டிருந்தனர்.

இது மறைவில் நடந்ததா? இல்லை. 1936 முதலே மருத்துவ ஏடுகளில் கட்டுரைகள் வந்தவண்ணம் இருந்தன. ஆயிரக்கணக்கான மருத்துவர் படித்திருக்கக்கூடிய பக்கங்கள் அவை. அவற்றுள் ஒன்றைப் படித்து மனம் கொதித்த இர்வின் ஷாட்ஸ் என்னும் இளம் மருத்துவர் 1965இல் கட்டுரையாளருக்கு மடல் எழுதினார்; பதில் வரவில்லை. துறையின் ஊழியர் பீட்டர் பக்ஸ்டன் 1966இல் எழுத்தால் முறையிட்டார். 1969இல் கூடிய நிபுணர் குழுவோ ஆய்வு தொடரட்டும் என்றது. இறுதியில் அவர் செய்தியாளரை நாட, 1972 ஜூலையில் ஜீன் ஹெல்லர் எழுதிய செய்தி நாடெங்கும் பரவிய பின்னரே அக்கொடுமை நின்றது. 1997இல் குடியரசுத் தலைவர் கிளின்டன் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கோரினார்.

செய்தி அச்சில் இருந்தது. ஆனால் அது எண்களாக இருந்தது, மனிதர்களாக இல்லை. நம்பத்தக்க ஏடு என்பது வேறு. நம்பத்தக்க மனச்சான்று என்பது வேறு. அறிஞர் குழு கூடி முடிவு செய்தது என்பதாலேயே அது அறமாகிவிடாது என்பதற்கு 1969ஆம் ஆண்டே சாட்சி. பாதிக்கப்பட்டவனின் குரல் இடம்பெறாத ஆவணம் எத்துணைத் துல்லியமாயினும் பாதி ஆவணமே.

சிதறியதைத் திரட்டியோர்

இந்த அதிர்ச்சிகளுக்கு நடுவே ஒரு குறை தெளிவாயிற்று. மருத்துவ அறம் பற்றிய எழுத்து ஓரிடத்தில் இல்லை. சட்டத் தீர்ப்பு ஓரிடம், மெய்யியல் நூல் ஓரிடம், சமய அறிஞரின் முடிவு மற்றோரிடம். தேடுவோன் அனைத்தையும் காண வழியில்லை. வாஷிங்டனில் உள்ள ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் 1971இல் தோன்றிய கென்னடி அறவியல் நிறுவனம் இப்பணியை மேற்கொண்டது. 1975 முதல் ஆண்டுதோறும் நூற்பட்டியல் வெளிவந்தது. வாரன் ரைக் பதிப்பித்த உயிரியல் அறக் கலைக்களஞ்சியம் 1978இல் நான்கு தொகுதிகளாக வந்தது. அடுத்த ஆண்டே, டஸ்கிகீ தந்த பாடத்தின் விளைவாக அமைந்த ஆணையம், மனிதருக்கு மதிப்பு, நன்மை, நீதி என்னும் மூன்றையும் அடிப்படையாக வகுத்து பெல்மான்ட் அறிக்கையை வெளியிட்டது. பல நாட்டுப் படிகளைத் திரட்டி ஒப்புநோக்கிய ஹுனைனின் பணியை நூலகர்களின் இப்பணி நினைவூட்டுகிறது.

முஸ்லிம் உலகிலும் இம்முயற்சி எழுந்தது. 1981இல் குவைத்தில் கூடிய மாநாடு மருத்துவருக்கான இஸ்லாமிய ஒழுக்க நெறியை வெளியிட்டது. மூளையின் செயல்கள் யாவும் மீளாதவாறு நின்றுவிட்டால் அதனை மரணமாகக் கொள்ளலாம் என்று ஜித்தாவின் ஃபிக்ஹ் பேரவை 1986இல் அம்மான் அமர்வில் முடிவு செய்தது. மக்காவின் ஃபிக்ஹ் அவையோ 1987இல், கருவிகளை நீக்கலாம், ஆனால் இதயமும் மூச்சும் நின்ற பின்னரே மரணத்தின் சட்ட விளைவுகள் தொடங்கும் என்றது. உறுப்பு மாற்றத்தை நிபந்தனைகளோடு ஏற்ற ஜித்தா பேரவையின் 1988ஆம் ஆண்டு முடிவு, உறுப்பை விற்பதை அறவே விலக்கியது. ‘இஸ்லாம் இதை அனுமதிக்கிறதா’ என்று ஒரே சொல்லில் விடை கேட்போர், எந்த அவை, எந்த ஆண்டு, எந்த நிபந்தனை என்று கேட்கப் பழக வேண்டும்.

நம் நாட்டில் உறுப்பு வாணிகத்தைத் தடுக்கும் சட்டம் 1994இல் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000, 2006, 2017ஆம் ஆண்டுகளில் ஆய்வு நெறிகளை வெளியிட்டது. மும்பையிலிருந்து 1993 முதல் மருத்துவ அறத்துக்கென்றே ஓர் ஏடு வருகிறது. 2008இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒன்றை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருத்தல் நலம். நோயைக் கண்டறியும் சோதனைக்கு மட்டும் இசைந்த பெண்ணொருவர் மயக்கத்தில் இருக்கையில், தாயின் இசைவைப் பெற்று அவருடைய கருப்பை அகற்றப்பட்டது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது வயது வந்தவரின் இசைவுக்குப் பிறர் இசைவு ஈடாகாது. ஒன்றுக்கு அளித்த இசைவு மற்றொன்றுக்கு ஆகாது என்று நீதிமன்றம் உரைத்தது.

ஆண்டைப் பார்ப்பதும் முதன்மையானது. மனித ஆய்வு குறித்த ஹெல்சிங்கி அறிக்கை 1964இல் பிறந்து பலமுறை திருத்தம் பெற்றது. 2024இல் வந்த திருத்தம், சோதனைக்கு உட்படுவோரைப் ‘பங்கேற்பாளர்’ என்றே தலைப்பில் அழைக்கிறது. பழைய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய நெறி இதுவே என்று வாதிடுவது, இருபது வயதில் செய்த பெயர்ப்பை ஹுனைன் திருத்தாமல் விட்டிருப்பதைப் போன்றதாகும்.

இன்று தாழ்வாரத்தில் நிற்கும் குடும்பத்துக்கு நூலகம் தேடிச் செல்ல நேரமில்லை, உண்மையே. ஆனால் கேட்பதற்கு நேரம் உண்டு. இத்தாள் எதற்கு இசைவு தருகிறது, எதற்குத் தரவில்லை? மாற்று வழி யாது? இதனால் பயன்பெறுவோர் யார்? எழுத்தில் தருவீர்களா? அறிந்த மருத்துவர் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ளார். டஸ்கிகீயின் ஏழை ஆடவருக்கு இக்கேள்விகளைக் கேட்கும் வாய்ப்பே நாற்பது ஆண்டுகள் மறுக்கப்பட்டது. நமக்கு அவ்வாய்ப்பு உண்டு. அதனைப் பயன்படுத்துவது நம் கடமை.