தேர்தலும் அச்சமும்: வேலூர்–ஆம்பூர் தோல் வட்டாரம்

பாலாற்றை ஒட்டி வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, குடியாத்தம், வேலூர் என்று நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், வாக்காளரின் அச்சம் தேர்தல் முடிவை எந்த அளவுக்கு மாற்றியிருக்கிறது என்பது இக்கட்டுரையின் பொருள். வேலூர், அணைக்கட்டு, கே.வி.குப்பம், குடியாத்தம், வாணியம்பாடி, ஆம்பூர் ஆகிய ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்தது வேலூர் மக்களவைத் தொகுதி. 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மக்களவைத் தொகுதி மட்டும் பழையபடியே நிற்கிறது.

தேர்தல் அச்சம் இரண்டு வகைப்படும். ஒருவர் மிரட்டி வாக்குக் கேட்பது முதல் வகை. 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(2)ஆம் பிரிவில் இதை முறைகேடு என்கிறது. ஊரைவிட்டு ஒதுக்கிவைப்பேன் என்பதோடு, தெய்வக் கோபத்துக்கு ஆளாவாய் என்று சொல்லி வாக்கைத் திருப்புவதும் அதே பிரிவில் குற்றம். பணம் கொடுத்துச் சத்தியம் வாங்கும் நம்மூர்ப் பழக்கத்தை நினைத்தால், சட்டம் எழுதியவர்கள் ஊர் நிலவரம் தெரிந்தவர்கள்தான். இரண்டாவது வகை, ‘அவர்கள் வந்தால் நமக்கு என்ன ஆகும்’ என்ற கவலை. சமூகங்களுக்கிடையே பகையைத் தூண்டாதவரை இதற்குச் சட்டத் தடை கிடையாது. பிரசாரத்தில் பாதி இதை நம்பித்தான் நடக்கிறது.

இந்த இரண்டாவது வகையை அதிகம் ஆராய்ந்தவர்கள் அமெரிக்கர்கள். 1964 செப்டம்பர் 7 அன்று, பூவின் இதழ்களை எண்ணிப் பிய்க்கும் ஒரு சிறுமியையும் அடுத்த நொடியில் அணுகுண்டு வெடிப்பையும் காட்டிய அதிபர் லிண்டன் ஜான்சனின் தேர்தல் விளம்பரம் கட்டண விளம்பரமாக ஒரே ஒரு முறைதான் ஒளிபரப்பானது. இன்றுவரை அதைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் ஜான்சன் அதற்கு முன்பே வெகுவாக முந்தியிருந்தார். டெட் பிரேடர் 2006இல் வெளியிட்ட ஆய்வு, அச்சமூட்டும் காட்சியும் இசையும் பழகிய கட்சிப் பிடிப்பைத் தளர்த்தி, வேட்பாளர்களைப் பற்றி மேலும் அறிய வைக்கின்றன என்றது. பயந்த சுபாவம் உள்ளவர்கள் பழமைவாதத்தின் பக்கம் சாய்வார்கள் என்று 2008இல் வந்த ஆய்வு உலகமெங்கும் பேசப்பட்டது. 2020இல் கூடுதல் பேரை வைத்து அதையே திரும்பச் செய்து பார்த்தபோது அந்த முடிவு கிடைக்கவில்லை. இவை எல்லாமே தனி மனிதரின் மனத்தைப் பற்றியவை. தோல் வட்டாரத்தில் அச்சம் தனியாக இருப்பதில்லை. ஜமாத்தில், டீக்கடையில், விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு ஷூ கம்பெனிக்குப் போகும் பேருந்தில் அது பேசித் தீர்மானிக்கப்படுகிறது.

தொடக்க காலம்

முஸ்லிம்களுக்கான தனி வாக்காளர் தொகுதி முறை இருந்தவரை முஸ்லிம் வாக்கு முஸ்லிம் வேட்பாளருக்கே போகும். பிற சமூகத்தவரின் வாக்கைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. பிரிவினைக்குப் பிறகு அந்த முறை ஒழிந்தது. 1948 மார்ச் 10 அன்று சென்னை ராஜாஜி மண்டபத்தில் முகம்மது இஸ்மாயில் தலைமையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது; அந்தப் பெயரை வைத்துக்கொள்வதே துணிச்சலாகப் பார்க்கப்பட்ட காலம் அது. தனியாக நின்றால் வெல்ல முடியாது என்பது லீக்குக்குச் சீக்கிரமே புரிந்தது. 1967இல் தி.மு.க. அணியில் சேர்ந்தது. அப்துல் சமது 1980இலும், காதர் மொகிதீன் 2004இலும், அப்துல் ரஹ்மான் 2009இலும் வேலூரிலிருந்து மக்களவைக்குப் போனார்கள். பின்னிருவரும் உதயசூரியன் சின்னத்தில்.

இந்தத் தொகுதி பா.ஜ.க. அணியைக் கண்டாலே ஒதுக்கியது என்று எழுதிவிடவும் முடியாது. 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் குண்டுகள் வெடித்தன. அடுத்து நடந்த வாக்குப்பதிவில் அ.தி.மு.க.–பா.ஜ.க. அணியில் நின்ற பா.ம.க.வின் என்.டி. சண்முகம் வேலூரில் வென்றார். 1999இல் பா.ம.க. தி.மு.க.–பா.ஜ.க. அணிக்கு மாறியபோதும் அவரே வென்றார். வன்னியர் வாக்கும் கூட்டணிக் கணக்கும் சேர்ந்தால் நகரத்து அச்சத்தை எளிதில் தாண்டிவிடலாம் என்பதற்கு இந்த இரண்டு தேர்தல்களே சாட்சி.

தொழில் சார்ந்த அச்சங்கள்

டேனரி முதலாளிகளில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். தொட்டியில் இறங்கித் தோல் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். இவ்விரு தரப்பும் ஒன்றாக நடுங்கிய நேரங்கள் உண்டு. 1996 ஆகஸ்ட் 28 அன்று வேலூர் குடிமக்கள் நல மன்ற வழக்கில் உச்ச நீதிமன்றம், கழிவுநீரைச் சுத்திகரிக்காத டேனரிகளை மூட உத்தரவிட்டது. மாசுபடுத்தியவரே நஷ்ட ஈடு கொடுக்க வேண்டும் என்றது. 2016 நவம்பரில் பண மதிப்பு நீக்கம் வந்தபோது ரொக்கத்தில் கூலி வாங்கிய ஜாப் ஒர்க் ஆட்கள் திண்டாடினார்கள். 2017 மே மாதம், இறைச்சிக்காகச் சந்தையில் மாடு விற்கத் தடை விதிக்கும் விதியை மத்திய அரசு கொண்டுவந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஒரே வாரத்தில் அந்த விதிக்குத் தடை விதித்தாலும், பச்சைத் தோல் எங்கிருந்து வரும் என்ற பேச்சு அடங்கவில்லை. மதம் சார்ந்த அச்சமும் பிழைப்பு சார்ந்த அச்சமும் ஒன்றோடொன்று கலந்தது இந்த இடத்தில்தான்.

பாலாற்றுத் தண்ணீர் மட்டும் விதிவிலக்கு. கிணறுகள் உவர்ந்து, தென்னை காய்ந்து, குடிநீருக்குக் குடத்தோடு நடக்க வேண்டி வந்த ஊர்களில்கூட அந்த அச்சம் எந்தத் தேர்தலையும் புரட்டிப்போடவில்லை. அதே ஊர்ப் பெண்கள்தான் ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறார்கள். மாதச் சம்பளம் நின்றுவிடும் என்ற பயம் அடுத்த மாதமே வந்து நிற்கும்; நிலத்தடி நீரின் கேடு முப்பது ஆண்டுக் கணக்கு. பிரதான கட்சிகளும் இந்த விஷயத்தில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டிப் பேச விரும்பியதில்லை. பாதிக்கப்பட்ட விவசாயிகள் நாடியது நீதிமன்றத்தை.

ஒரு வேட்பாளர், இரண்டு சின்னங்கள்

அச்சத்தின் எடையை நிறுத்துப் பார்க்க வேலூர் ஒரு வசதியான தராசைக் கொடுத்திருக்கிறது. புதிய நீதிக் கட்சித் தலைவர் ஏ.சி. சண்முகம் 1984இல் இங்கே அ.தி.மு.க. சார்பில் வென்றவர். பிறகு 2014இல் தாமரை, 2019இல் இரட்டை இலை, 2024இல் மறுபடியும் தாமரை என்று மூன்று முறை நின்று மூன்றிலும் இரண்டாமிடம் பிடித்தார்.

2014இல் அ.தி.மு.க.வின் செங்குட்டுவன் 3,83,719 வாக்குகளுடன் வென்றார், சண்முகத்துக்கு 3,24,326, லீக்கின் அப்துல் ரஹ்மானுக்கு 2,05,896. தாமரை வென்றுவிடும் என்ற பயம் அன்று இருந்தது. ஆனால் அதைத் தடுக்கக்கூடியவர் யார் என்பதில் ஒருமித்த கருத்து இல்லை. 2024இல் தி.மு.க.வின் கதிர் ஆனந்த் சண்முகத்தை 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் அதிகமான வாக்குகளில் தோற்கடித்தார். இரட்டை இலையோடு நின்ற 2019இலோ வித்தியாசம் வெறும் 8,141. 2014இலும் 2024இலும் அ.தி.மு.க. தனியாக வேட்பாளரை நிறுத்தியது என்பதைக் கழித்துப் பார்க்க வேண்டும்; வித்தியாசம் முழுவதையும் அச்சத்தின் கணக்கில் எழுதுவது தவறு.

2019 தேர்தலைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். ஏப்ரல் 18 அன்று நடக்க வேண்டிய வாக்குப்பதிவு, சிமென்ட் கிடங்கு ஒன்றில் கோடிக்கணக்கில் ரொக்கம் பிடிபட்டதால் ஏப்ரல் 16 அன்று குடியரசுத் தலைவரின் உத்தரவால் ரத்தானது. பணப் பட்டுவாடாவுக்காக ஒரு மக்களவைத் தேர்தல் ரத்தானது நாட்டிலேயே அதுதான் முதல் முறை. புதிய தேதி ஆகஸ்ட் 5. இடைப்பட்ட மாதங்களில் மத்தியில் பா.ஜ.க. அரசு மறுபடி அமைந்துவிட்டது. ஜூலை 25 அன்று முத்தலாக் மசோதா மக்களவையில் வந்தபோது அ.தி.மு.க.வின் ஒரே உறுப்பினரான ரவீந்திரநாத் ஆதரித்துப் பேசினார். ஜூலை 30 அன்று மாநிலங்களவையில் அதே கட்சி வெளிநடப்புச் செய்தது. பத்து நாளுக்குள் வேலூரில் வாக்குக் கேட்க வேண்டிய கட்சிக்கு இதைவிடத் தர்மசங்கடம் இருக்க முடியாது. வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன், ஆம்பூரில் மு.க. ஸ்டாலின் இஸ்லாமியப் பிரமுகர்களைச் சந்தித்த திருமண மண்டபத்துக்கு, அனுமதி பெறாத கூட்டம் என்று சொல்லிச் சீல் வைத்தார்கள். வாக்குப்பதிவு நாளான திங்கட்கிழமை முற்பகலிலேயே காஷ்மீரின் சிறப்புத் தகுதி நீங்குகிறது என்ற அறிவிப்பு மாநிலங்களவையிலிருந்து வந்தது. பலர் அப்போது இன்னும் வாக்குச்சாவடி வரிசையில்தான் நின்றார்கள்.

ஆகஸ்ட் 9 அன்று எண்ணிக்கை தொடங்கியபோது சண்முகம் முன்னிலையில் இருந்தார். குடியாத்தம், கே.வி.குப்பம், அணைக்கட்டு மூன்றும் அவர் பக்கம். வாணியம்பாடியில் கதிர் ஆனந்த் சுமார் 22,000, ஆம்பூரில் சுமார் 8,500, வேலூரில் 6,000க்கும் மேல் முந்தினார். இறுதிக் கணக்கு 4,85,340க்கு 4,77,199. வாணியம்பாடி இல்லாவிட்டால் முடிவு மாறியிருக்கும். அதே சமயம், அச்சம் கூட்டத்தை வாக்குச்சாவடிக்கு இழுத்துவரும் என்ற பொதுக் கருத்துக்கு இங்கே ஆதாரம் இல்லை: 2014இல் 74 விழுக்காட்டைத் தாண்டிய வாக்குப்பதிவு 2019இல் சுமார் 71 விழுக்காடாகக் குறைந்தது. வந்தவர்கள் வாக்கைச் சிதறவிடவில்லை என்பதே நடந்தது.

ஒருமுகப்படுதலும் அதன் எல்லையும்

2019 டிசம்பரில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் அ.தி.மு.க. மாநிலங்களவை உறுப்பினர்களின் ஆதரவோடு நிறைவேறியது. வாணியம்பாடியின் சட்டமன்ற உறுப்பினராகவும் அமைச்சராகவும் அப்போது இருந்தவர் அதே கட்சியின் நிலோபர் கபீல். 2021 தேர்தலில் அவருக்குச் சீட்டுக் கிடைக்கவில்லை. அசதுத்தீன் ஓவைசியின் மஜ்லிஸ் கட்சி 2016இல் வாணியம்பாடியில் 10,000 வாக்கை ஒட்டி வாங்கியிருந்தது. 2021இல் 2,000ஐக்கூடத் தொடவில்லை. முஸ்லிம் வாக்கு எவ்வளவு இறுகியது என்பதற்கு இதைவிட நல்ல அளவுகோல் தேட வேண்டியதில்லை. அப்படி இருந்தும் அங்கே லீக் வேட்பாளர் தோற்றார். பா.ஜ.க., பா.ம.க. துணையோடு நின்ற அ.தி.மு.க.வின் செந்தில்குமார் 5,000க்கும் குறைவான வித்தியாசத்தில் வென்றார். பக்கத்து ஆம்பூரில் தி.மு.க.வின் வில்வநாதன் வென்றார். ஒரு தரப்பு இறுகினால் எதிர்த் தரப்பும் இறுகும். லீக் போன்ற கட்சிகள் தி.மு.க.வின் நிழலிலேயே நிற்க விரும்புவதற்கு இது ஒரு காரணம்.

மிரட்டலுக்கு அஞ்சும் முதல் வகை அச்சத்துக்கும் இடம் இருக்கிறது: வாக்கு ரகசியம்தான் என்றாலும் வாக்குச்சாவடி ரகசியமில்லை. மின்னணு இயந்திரம் வந்தபின் சாவடிவாரியான கணக்கு அப்படியே வெளியாகிறது. ஒரு மொகல்லாவோ ஒரு காலனியோ முழுதாக ஒரே சாவடியில் வாக்களிக்கும் ஊரில், அந்தத் தெரு யாருக்குப் போட்டது என்பது மறுநாளே எல்லோருக்கும் தெரியும். பல சாவடிகளின் எண்ணிக்கையைக் கலந்து காட்டும் கருவி வேண்டும் என்று தேர்தல் ஆணையம் 2008இலேயே கேட்டது. மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை.

அண்மைக் காலம்

தொழிற்சாலை வேலை கடல் கடந்து போய்விட்டது என்ற அமெரிக்க வாக்காளரின் கவலையும் ஒரு காரணமாக, 2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருள்கள்மீது 50 விழுக்காடு வரி இறங்கியது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த ஆம்பூர் ஷூ கம்பெனிகளை அது நேராகத் தாக்கியது. அமெரிக்கத் தேர்தலில் இவ்வட்டாரத்தில் ஒருவருக்கும் வாக்கில்லை.

அதே ஆண்டு நவம்பர் 4 அன்று தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கியது. இருபது ஆண்டுக்கு முந்தைய பட்டியலில் தன் பெயரோ பெற்றோர் பெயரோ இருக்கிறதா என்று தேட வேண்டும். வேறு ஊரிலிருந்து கல்யாணமாகி வந்த பெண்களுக்கும், வாடகை வீடு மாறி மாறிப் போகும் கம்பெனித் தொழிலாளர்களுக்கும் அது சிரமமாக இருந்தது. குடியுரிமைச் சட்டத்தின்போது ‘கேட்பார்கள்’ என்று பயந்த காகிதத்தை இப்போது வீடு தேடி வந்து கேட்டதாகப் பலர் எடுத்துக்கொண்டார்கள். டிசம்பர் 19 அன்று வெளியான வரைவுப் பட்டியலில் மாநிலம் முழுவதும் சுமார் 97 லட்சம் பெயர்கள் இல்லை. இறந்தவர், இடம் மாறியவர், இரு இடங்களில் பெயர் உள்ளவர் என்பது ஆணையம் சொன்ன காரணம். விடுபட்டவர்கள் புதிதாகச் சேர 6ஆம் எண் படிவத்தை நிரப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது.