மெழுகில் நின்ற சுருதி

ஓசூர் மேட்டுநிலத்துக்கு ஒரு பக்கம் மைசூர் வீணை மரபு, மறுபக்கம் தஞ்சாவூர் வீணை மரபு. இரண்டுக்கும் பொதுவான 24 மெட்டு வீணையைத் தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரின் (1600–1634) பெயரோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். அதற்கு முன் ராகத்துக்கு ராகம் மெட்டுகளை நகர்த்தி வாசிக்கும் முறையும் இருந்தது. 1550இல் ராமாமாத்தியர் எழுதிய ‘சுரமேளகலாநிதி’ நகரும் மெட்டு, நிலை மெட்டு என இருவகை வீணைகளையும் பேசுகிறது. மெட்டுகள் நிலைத்ததும் சுருதியும் நிலைத்துவிட்டது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அந்த மெட்டுகள் பதிந்திருப்பது மெழுகில். வீணையின் சுருதியைக் காத்து வந்தது அரசவை வகுத்த அளவு அல்ல. மெழுகில் மெட்டுகளைப் பதிப்பவரின், அதாவது மேளம் கட்டுபவரின் காது.

தந்தியின் சுருதி அதன் நீளம், இறுக்கம், கனம் ஆகிய மூன்றைப் பொறுத்தது. பிரான்சின் மெர்சென் 1636இல் இதை விதியாக வகுத்தார். நீளம் பாதியானால் அதிர்வு இரட்டிக்கும். இறுக்கத்தை மட்டும் கூட்டி அதே அளவு உயர்த்த நான்கு மடங்கு இறுக்க வேண்டும். கணக்குப்படி 12ஆம் மெட்டு தந்தியின் பாதியில் வரும். 24ஆவதில் கால் பங்கு நீளமே மிஞ்சும். அப்படியானால் அளவுகோல் போதாதா என்று கேட்கலாம். போதாது. மெட்டில் அழுத்தும்போது தந்தி இழுபட்டு இறுக்கம் கூடுகிறது. சுருதி கணக்கைத் தாண்டிச் சற்று ஏறிவிடுகிறது. மெல்லிய சாரணித் தந்திக்கும் தடித்த அனுமந்தரத் தந்திக்கும் இந்த ஏற்றம் ஒன்றாக இருப்பதில்லை. நான்கு தந்திகளுக்கும் ஒத்துவரும் இடத்தை மீட்டிக் கேட்டுத்தான் கண்டுபிடிக்க வேண்டும். கேட்டுக் கேட்டு மெட்டை நகர்த்த மெழுகு இடம் கொடுக்கிறது.

நிலை மெட்டுகள் இல்லையேல் இசை இலக்கண ஆசிரியர் வேங்கடமகியின் 72 மேளங்கள், அதாவது தாய் ராகங்கள், பிறந்திருக்குமா என்பது அடுத்த கேள்வி. பன்னிரண்டு சுரஸ்தானங்களைக் கண்முன் வரிசைப்படுத்திக் காட்டியது வீணைதான், அதில் ஐயமில்லை. ஆனால் ஸ்தானம் மட்டும் ராகமாகிவிடாது. தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தால் ஒரே மெட்டில் மூன்று நான்கு சுரங்கள் பேசும்; அந்தக் கமகத்துக்கு அடித்தளம் சரியாக அமைந்த மெட்டு. வெயிலில் மெழுகு இளகி மெட்டு நகரும், ஆகவே அது குறைதானே என்பாரும் உண்டு. கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் குளிரிலோ கம்பி சுருங்கிச் சுருதி ஏறும். கம்பியின் ஏற்றத்தைப் தந்தியை முறுக்கும் பிரடையைத் திருப்பிச் சரிசெய்யலாம்; மெட்டு நகர்ந்தால் மறுபடி மேளம் கட்டலாம். பழுதாகும் பொருளே பழுதுபார்க்கவும் விடுகிறது என்பதால் இதைக் குறை என்று தள்ள முடியாது. தஞ்சாவூர் வீணைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமையில் மரம் குடைபவருக்கு உள்ள பங்கு, மெழுகில் மெட்டு வைப்பவருக்கும் உண்டு.