எதிர்வெளிச்சம்

மகன் புது போன் வாங்கினான். பழையது என்னிடம் வந்தது. "கேமரா நல்லா இருக்கும்பா, சும்மா எடுத்துப் பழகுங்க" என்றான். முப்பத்தைந்து வருஷம் அரசு அலுவலகத்தில் மற்றவர்கள் எழுதிய தாளுக்கு நம்பர் போட்டவன் நான். எழுபத்து நாலு வயதில் படம் எடுக்கப் பழகுவேன் என்று நினைக்கவில்லை.

மகனுக்குக் கும்மிடிப்பூண்டி பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை. அதனால் புதுச்சேரிக்காரனான நான் ஆரம்பாக்கத்தில் இருக்கிறேன். தமிழ்நாடு முடிகிற இடம். அடுத்த ரயில் நிலையமான தடா ஆந்திராவில். கடைத்தெருவில் பாதிப் பேச்சு தெலுங்கு. கிழக்கே போனால் பழவேற்காடு ஏரி, அதற்கு அப்பால் கோடு போட்ட மாதிரி ஸ்ரீஹரிகோட்டா தீவு. காலையில் குப்பத்துப் பக்கம் போனால் இறாலும் நண்டும் மடவையும் கரைக்கு வரும். அங்கேதான் படம் எடுக்க ஆரம்பித்தேன்.

முதல் மாதம் எடுத்தது ஏறக்குறைய இருநூறு படம். எல்லாவற்றிலும் ஒரே கதை. வானம் வெள்ளை, தண்ணீர் வெள்ளை, நடுவில் கரிக்கட்டை மாதிரி ஒரு படகு, அதில் முகமே இல்லாத ஒரு மனிதர். போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். அப்புறம்தான் புரிந்தது. நாங்கள் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறோம். காலையில் படகு கிழக்கிலிருந்து வருகிறது, சூரியனும் அதே கிழக்கிலிருந்து. நான் இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் அடைக்கப் பார்க்கிறேன்.

பிரெஞ்சில் இதற்கு 'கோந்த்ர் ழூர்' என்று பெயர். பகலுக்கு எதிராக என்று பொருள். பள்ளிக்கூடத்தில் எங்கள் மிஸியே சொல்லிக்கொடுத்த வார்த்தை அறுபது வருஷம் கழித்து ஏரிக்கரையில் உபயோகப்பட்டது. அவர்தான் புகைப்படம் பிறந்த கதையையும் சொன்னவர். 1839 ஜனவரி 7 அன்று பாரீஸில் விஞ்ஞான அகாதெமியில் அராகோ என்ற விஞ்ஞானி எழுந்து, தகேர் என்பவர் ஒளியாலேயே படம் பதிக்கிற வழி கண்டுபிடித்திருக்கிறார் என்று அறிவித்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 19 அன்று செய்முறை முழுவதும் வெளியிடப்பட்டது. பிரெஞ்சு அரசாங்கம் இந்த ரகசியத்தை வாங்கிக்கொண்ட விதம்தான் எனக்குப் பிடித்த பகுதி. தகேருக்கு வருஷம் 6,000 பிராங்க் பென்ஷன், அவருக்கு முன்பே இதில் பாடுபட்டு இறந்துபோன நியெப்ஸின் மகனுக்கு 4,000 பிராங்க். உலகத்தின் புகைப்படக்கலை ஒரு பென்ஷன் ஃபைலில் தொடங்கியிருக்கிறது. ஒரு குமாஸ்தா இதைப் படித்துச் சந்தோஷப்படாமல் எப்படி இருப்பது?

என் வெள்ளை வானத்துக்கு வருகிறேன். அந்தக் காலத்து நெகடிவ் நீல நிறத்தைத்தான் அதிகம் உணரும். சிவப்பு, மஞ்சள் என்றால் அதற்கு அரைக்குருடு. கடலோ கட்டடமோ சரியாகப் பதியும் வரை மூடியைத் திறந்து வைத்தால், அதற்குள் வானம் எரிந்து வெள்ளைத் தாளாகிவிடும். குஸ்தாவ் லெ க்ரே என்ற பிரெஞ்சுக்காரர் 1850களின் நடுவில் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். கடலுக்கு ஒரு நெகடிவ், வானத்துக்கு ஒரு நெகடிவ். இரண்டையும் தொடுவானக் கோட்டில் சேர்த்து ஒரே தாளில் அச்சிட்டார். தெற்குப் பிரான்ஸில் செத் என்ற துறைமுகத்தில் அவர் எடுத்த 'பேரலை' இன்றும் பேசப்படுகிற படம். (மனிதர் கடைசியில் கடன்காரர்களுக்குப் பயந்து ஊரைவிட்டுப் போய், 1884இல் கெய்ரோவில் இறந்தார். அவருக்கு யாரும் பென்ஷன் கொடுக்கவில்லை.)

பேரனிடம் இதைச் சொன்னேன். "தாத்தா, இதைத்தான் உங்க போன் ஹெச்.டி.ஆர்.னு செய்யுது" என்றான். நாம் ஒரு தடவை பொத்தானை அமுக்கினால், அது பல படங்களை எடுத்து, வெளிச்சமான இடத்துக்கு ஒன்றையும் இருட்டான இடத்துக்கு ஒன்றையும் பொறுக்கி ஒட்டுகிறதாம். லெ க்ரே இருட்டறையில் உட்கார்ந்து செய்தது நம் சட்டைப்பையில் கண் இமைக்கும் நேரத்தில் நடக்கிறது.

லெ க்ரேயின் இன்னொரு வித்தை நம் நாட்டுக்கே வந்தது. நெகடிவ் தாளை முன்கூட்டியே மெழுகில் ஊறவைத்துத் தயார் செய்துகொள்கிற முறை அது. நாள் கணக்கில் கெடாது, எடுத்த பிறகும் உடனே கழுவ வேண்டியதில்லை, மாட்டு வண்டிப் பயணத்துக்கு ஏற்றது. கேப்டன் லின்னேயஸ் ட்ரைப் என்ற ஆங்கிலேயரை 1856இல் மதராஸ் அரசாங்கம் தன் புகைப்படக்காரராக நியமித்தது. அவர் மெழுகுத்தாள் நெகடிவ்களோடு 1857 கடைசியில் கிளம்பி, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடிப்பகுதியில் ஓடுகிற கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். போனில் பனோரமா என்று ஒரு வசதி இருக்கிறதே, அதை 1858இல் கையால் செய்தவர். அவர் எடுத்த வானமும் வெறும் வெள்ளையாகத்தான் வந்தது. அதனால் நெகடிவ் மேல் தூரிகையால் மேகம் வரைந்தார், மரங்களுக்கு இலைகூடச் சேர்த்தார். அவர் படங்களில் தெருக்கள் பெரும்பாலும் காலியாக இருக்கும். மூடியை அத்தனை நேரம் திறந்து வைத்தால் நடந்து போகிறவன் எப்படிப் பதிவான்?

நல்ல வேலை. ஆனால் 1859இல் கவர்னராக வந்த சர் சார்லஸ் ட்ரெவெலியன் கணக்கைப் பார்த்தார். இன்றைய நிதி நிலைமைக்கு இது ஆடம்பரம், மூடு என்று எழுதிவிட்டார். இப்படி எத்தனை குறிப்புகளுக்கு நான் நகல் எடுத்திருக்கிறேன்! அந்த ட்ரெவெலியனையே அடுத்த வருஷம் பதவியிலிருந்து திருப்பி அழைத்தார்கள். புது வரி விஷயத்தில் கல்கத்தாவை எதிர்த்து எழுதியதை வெளியே விட்டுவிட்டாராம். ட்ரைப்பிடம் வேலை பார்த்த சி. ஐயாசாமி என்பவர் பின்னாளில் மதராஸ் கலைப்பள்ளியில் புகைப்படக்காரராக இருந்தார். வெள்ளைக்காரர் பெயர்களுக்கு நடுவே அவர் பெயரைப் பார்த்தபோது ஒரு சொந்தக்காரரைக் கூட்டத்தில் கண்டது போல இருந்தது.

இதையெல்லாம் படித்துக்கொண்டிருந்த நாளில்தான் குப்பத்தில் ஒரு அம்மா என்னைக் கூப்பிட்டார். கணவருக்கு அறுபது தாண்டிவிட்டது. ஏரியில் பாடு முறையில் வலை விடுகிறவர். மீன் கிடைக்கிற இடங்களைக் குலுக்கல் போட்டு முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிற பழைய ஏற்பாடு அது. "ஐயா, இவருக்கு ஆதார் அட்டையில இருக்கறதைத் தவிர படமே இல்ல. வீட்டுல மாட்டற மாதிரி ஒண்ணு எடுத்துக் குடுங்க" என்றார்.

எடுத்தேன். போன் தானாகவே முகத்தை மெருகேற்றித் தந்தது. சுருக்கம் போயிற்று, நிறம் இரண்டு படி ஏறிற்று. எனக்கே பெருமை. அந்த அம்மா போனை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இது யாரு?" என்றார்.

அப்புறம் உள்ளே கூட்டிக்கொண்டு போய்ச் சுவரைக் காட்டினார். மூத்த மகன், ஏரியில் போனவன். பள்ளிக்கூடத்துக் குழுப்படத்தில் அரிசி அளவு இருந்த முகத்தை ஒரு ஸ்டூடியோவில் பெரிதாக்கி, வண்ணம் தீட்டி, கோட்டு மாட்டிக் கொடுத்திருக்கிறார்கள். ரோஜா நிறத்தில் யாரோ ஒரு பையன். "எம்புள்ள கறுப்புங்க ஐயா. பதினோரு வருசமா யாருக்கோ மாலை போட்டுக்கிட்டு இருக்கேன்" என்றார். அழவில்லை. ரேஷன் கடையில் எடை குறைந்ததைச் சொல்கிற குரலில் சொன்னார்.

அந்த ஸ்டூடியோக்காரரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அரைமணி முன்பு அதையேதான் செய்திருந்தேன். அது பழைய பழக்கமும்கூட. நீலத்தை மட்டும் உணர்ந்த பழைய தகடுகளில் நம் மாநிறம் கண்ணுக்குத் தெரிவதைவிடக் கறுப்பாகத்தான் விழும். எல்லா நிறத்தையும் உணரும் தகடு 1906இல்தான் விற்பனைக்கு வந்தது. அதற்குள் நெகடிவில் பென்சிலால் முகத்தைத் தேய்த்து வெளுப்பது தொழிலின் ஒரு பகுதியாகிவிட்டது. முதலில் பிழையைத் திருத்தத்தான் செய்தார்கள். பிறகு திருத்தமே வாடிக்கையாளர் கேட்கிற அழகாயிற்று. இறந்தவரின் மூடிய கண்களைத் திறந்த மாதிரி வரைந்து கொடுத்த ஸ்டூடியோக்களும் தமிழ்நாட்டில் உண்டு. வண்ண பிலிம் வந்த பிறகும் கதை மாறவில்லை. கோடாக் கம்பெனி லேப்களுக்கு அனுப்பிய அளவுகோல் படத்தில் 'ஷெர்லி' என்ற பெயரில் ஒரு வெள்ளைக்காரப் பெண்தான் பல வருஷம் உட்கார்ந்திருந்தாள். அவள் நிறம் சரியாக வந்தால் பிரிண்ட் சரி. எங்கள் குப்பத்துக்காரர் சரியாக வந்தாரா என்று யார் பார்த்தார்கள்?

புதுச்சேரியில் பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்டில் நம் ஊர் ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிப்பிடித்து டிஜிட்டலாகச் சேமித்திருக்கிறார்கள். அந்த மாதிரிப் படங்களைப் பார்த்தால் ஒன்று தெரியும். மின்விளக்கு பரவுவதற்கு முந்தைய ஸ்டூடியோக்கள் பலவற்றில் கூரையின் வடக்குப் பக்கம் கண்ணாடி வைத்திருப்பார்கள். நேர் வெயில் முகத்தில் விழாது, வானத்து வெளிச்சம் மட்டும் மெத்தென்று இறங்கும்.

எனக்குக் கண்ணாடிக் கூரை இல்லை. ஆனால் வலை காயப்போடுகிற இடத்தில் பனையோலைக் கொட்டகை ஒன்று இருக்கிறது. மறுநாள் மாலை நாலரைக்குப் போனேன். சூரியன் மேற்கே, எங்கள் முதுகுக்குப் பின்னால். அவரைக் கொட்டகை விளிம்புக்கு ஒரு முழம் உள்ளே, ஏரியைப் பார்த்து உட்கார வைத்தேன். ஏரியும் வானமும் சேர்ந்து பெரிய கண்ணாடி மாதிரி அவர் முகத்தில் வெளிச்சத்தைத் திருப்பின. லென்ஸை வேட்டி முனையால் துடைத்தேன். ஏரிக்காற்றில் உப்புப் படிந்து படம் பனிமூட்டம் மாதிரி வருகிறது என்பதைக் கண்டுபிடிக்கவே எனக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது. அழகூட்டும் வசதியைப் பேரன் அணைத்துக் கொடுத்திருந்தான். விரலால் இழுத்துப் பெரிதாக்காமல் இரண்டடி முன்னால் போனேன். திரையில் அவர் முகத்தைத் தொட்டு விரலை எடுக்காமல் வைத்திருந்தேன், வெளிச்சம் அங்கேயே பூட்டிக்கொண்டது. பக்கத்தில் வருகிற சின்னச் சூரியனை ஒரு நூல் கீழே இழுத்தேன். கறுப்பு கறுப்பாக நின்றது. ஆனால் கரி இல்லை. நெற்றி வியர்வையும், உப்பில் வெடித்த உதடும், இடது புருவத்துத் தழும்பும் தெரிந்தன.

"சிரிக்கணுமா சார்?" என்று கேட்டார். உங்கள் இஷ்டம் என்றேன். சிரிக்கவில்லை. பதினாறு படம் எடுத்தேன். பதின்மூன்றாவது சரியாக இருந்தது. நண்டு விலையைப் பற்றிப் பக்கத்தில் யாரோ ஏதோ சொல்ல, அதற்குப் பதில் சொல்ல வாயெடுத்த நேரம்.

அம்மா பார்த்ததும் தழும்பைத் தொட்டுப் பார்த்தார், திரைமேல். "இது கல்யாணத்துக்கு முந்தி கழி பட்டது" என்றார்.

கும்மிடிப்பூண்டிக்கு எடுத்துக்கொண்டு போய் எட்டுக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் கேட்டேன். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பையன், "சார், கொஞ்சம் ப்ரைட் பண்ணட்டா?" என்றான். வேண்டாம் என்றேன். "பேஸ் மட்டும் லைட்டா?" என்றான். அதுவும் வேண்டாம் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அப்படியே போட்டுக் கொடுத்தான்.

சட்டம் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்த அன்று, மகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணி இருந்ததால் அங்கே மாட்டப் போனேன். "அங்க வேணாங்க ஐயா, உசுரோட இருக்கறவரு" என்று எதிர்ச் சுவரைக் காட்டினார் அந்த அம்மா. அங்கே மாட்டினோம். அவர் ஏரிக்குப் போயிருந்தார். அந்த வாரம் அவர் பாடு.