மதுசார் கணையத் தழும்பேற்றம்

மதுசார் கணையத் தழும்பேற்றம் என்பது பல ஆண்டுகள் மிகுதியாக மது அருந்துவதால் கணையத்தின் இயல்பான திசு அழிந்து, அவ்விடத்தில் நார்த்திசு படியும் நிலையாகும். இது நாட்பட்ட கணைய அழற்சியின் முக்கியக் கூறாகும்.

தோன்றும் விதம்

கணையம் மதுவைச் சிதைக்கும்போது அசிட்டால்டிகைடு முதலிய நச்சுப்பொருட்கள் உண்டாகின்றன. இவை அங்குள்ள விண்மீன் வடிவ உயிரணுக்களைத் தூண்டுகின்றன. இயல்பு நிலையில் உயிர்ச்சத்து 'ஏ'யைச் சேமித்து வைக்கும் இவ்வுயிரணுக்கள், தூண்டப்பட்டதும் கொலாசன் என்னும் நார்ப்புரதத்தை மிகுதியாக உருவாக்குகின்றன. 1998இல் இவை கணையத்திலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு ஆராயப்பட்ட பின்னரே தழும்பு தோன்றும் விதம் தெளிவாயிற்று. மிகுதியாகக் குடிப்போருள் சிறு பகுதியினருக்கே இந்நோய் வருகிறது. புகைபிடித்தலும் சில மரபணு மாற்றங்களும் இதற்கான வாய்ப்பைக் கூட்டுகின்றன.

விளைவுகள்

மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பரவும் வலி முக்கிய அறிகுறியாகும். செரிமான நொதிகள் குறைவதால் கொழுப்பு செரிக்காமல் மலத்தில் வெளியேறும், உடல் மெலியும். இன்சுலின் சுரப்பு குறைந்து நீரிழிவும் ஏற்படலாம்.

தென்னிந்தியாவில்

தமிழ்நாடு, கேரளம் உள்ளிட்ட பகுதிகளில் மது அருந்தாத இளைஞர்களிடமும் கணையக் கற்களுடன் கூடிய வெப்பமண்டலக் கணைய அழற்சி காணப்படுகிறது. எனவே இந்நோயாளிகள் அனைவரையும் குடிப்பழக்கம் உடையோராகக் கருதுவது தவறாகும்.

சிகிச்சை

படிந்த தழும்பை முழுமையாக நீக்கும் மருந்து இல்லை. மதுவையும் புகைபிடித்தலையும் அறவே நிறுத்துவது நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தும். குறையும் நொதிகளை மாத்திரையாகவும், தேவைப்படின் இன்சுலினை ஊசியாகவும் அளிப்பர்.